பழைய ஆட்டோவில்லாவுக்கு எந்தச் சக்கரம்: 14ஆ, 15ஆ, 16ஆ?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் பழைய ஜர்கன்ஸ் ஆட்டோவில்லா மோட்டார் வீட்டை மறுபடி சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சக்கரத்தில்தான். தொடங்க வேண்டிய இடம் அதுதான். கேட்கும் கேள்விதான் தடம் மாறிவிடுகிறது. எந்த ரிம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். பின் ஆக்சில் எத்தனை கிலோ சுமக்கிறது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். அந்த எண் கையில் இருந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஆட்டோவில்லா என்பது வோக்ஸ்வாகன் கோம்பி வேனின் முன்பகுதியையும் அடிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டி ஏற்றிய வண்டி. இரண்டாம் தலைமுறைக் கோம்பியான டி2 மேல் கட்டியதும் உண்டு, மூன்றாம் தலைமுறையான டி3 மேல் கட்டியதும் உண்டு. இங்கே பேசுவது டி3. அந்தக் கோம்பி நம் நாட்டில் யூட்டன்ஹேக் ஆலையில் 2002 வரை தயாரானது. அதனால் ரிம், ஹப், பேரிங் எல்லாம் இன்றும் தேடினால் கிடைக்கும்.

முதலில் எடைமேடை

பயணத்துக்கு எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். 60 லிட்டர் என்றால் 60 கிலோ. கேஸ் சிலிண்டர், இரண்டாவது பேட்டரி, அரிசி, பெரிய குண்டா, போர்வை, குடும்பத்தார் எல்லோரும் வண்டியில் இருக்கவேண்டும். பழைய இரும்பு வாங்கும் கடையிலோ மணல், ஜல்லி விற்கும் இடத்திலோ உள்ள எடைமேடையில் நான்கு அளவு எடுங்கள்: முழு வண்டி, முன் ஆக்சில் மட்டும், பின் ஆக்சில் மட்டும், கடைசியாக இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும்.

இந்தக் கடைசி அளவைப் பலர் எடுப்பதில்லை. ஃபிரிட்ஜ், அடுப்பு, தொட்டி மூன்றும் ஒரே பக்கம் அமைந்த வண்டியில் இடத்துக்கும் வலத்துக்கும் 100 கிலோ வித்தியாசம் வருவது எளிது. ஒரு கணக்குக்காக, பின் ஆக்சில் 1,380 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதியாகப் பிரித்தால் டயருக்கு 690. உண்மையில் அது ஒரு பக்கம் 740, மறுபக்கம் 640 என்று இருக்கலாம். டயர் வாங்க வேண்டியது 740க்கு. அதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி விட்டு.

ஆக்சிலுக்கு என்ன உச்ச வரம்பு என்று வண்டியின் தகட்டிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் எந்த டயரும் உதவாது. தடித்த டயர் போட்டால் டயர் தாங்கும், பேரிங்கும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பழையபடிதான் இருக்கும். அப்படி வந்தால் சாமானை இறக்குவதுதான் வழி.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் சுமை எண் இந்தக் கணக்குக்குத்தான். 95 என்றால் 690 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 107 என்றால் 975, 109 என்றால் 1,030. "102/100" என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட வண்டிக்கு.

14 அங்குலம்: இருப்பதையே வைத்துக்கொள்வது

டி3யின் இரும்பு ரிம் 5½ஜே × 14, அதாவது 5½ அங்குல அகலம், 14 அங்குல விட்டம். ஈடி 39, அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் 39 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது. அதன் டயர் 185 ஆர் 14 சி; கடைசி 'சி' சரக்கு வண்டி டயர் என்பதற்கான குறி. விட்டம் சுமார் 650 மில்லிமீட்டர், 8 பிளை (பிளை எண் டயரின் வலுவைக் காட்டும் குறி) வகைக்குச் சுமை எண் 102. மேலே சொன்ன 740 கிலோ பக்கத்துக்கு இது 850 தருகிறது, 740க்கு மேல் ஏறக்குறைய 15 சதவீதம் இடைவெளி. போதும். இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டுமென்றால் அதே ரிம்மில் 195 ஆர் 14 சி உட்காரும். சுமை எண் 106, அதாவது 950 கிலோ. விட்டம் 666, இரண்டரை சதவீதம்தான் கூடுதல். பாக்கி என்னும் சின்னச் சரக்கு வண்டிகளும் வேன்களும் ஓடும் அளவு என்பதால், உள்நாட்டுச் சின்ன ஊரில் சனிக்கிழமை மதியம் டயர் போனாலும் மாற்றுக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மோட்டார் வீட்டில் ஊர் சுற்றுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்த அளவில் ஒரு பொறி இருக்கிறது. 205/70 ஆர் 14 என்று கார் டயர் ஒன்று வரும். ரிம்மில் அழகாக உட்காரும், அகலமாகத் தெரியும், விலையும் குறைவு. சுமை எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் 95. 690 கிலோ. நம் வண்டியின் கனமான பக்கம் 740. நிற்கும்போதே மீறிவிட்டது. வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்ளே பிளை ரப்பரை விட்டுப் பிரியும். பின் டயர் வெடித்தால் கிழிந்த ரப்பர் சாட்டைபோல் சுழன்று சக்கரக் கூண்டை உடைக்கும். அதன் அருகில் போகும் கழிவுநீர்க் குழாயும் கேஸ் குழாயும் மின்கம்பியும் அதோடு போகும். அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து இல்லாத டயரை இந்த வண்டிக்கு வாங்காதீர்கள். சுமை எண் சரியாக உள்ள வலுவூட்டிய வகை விதிவிலக்காக இருக்கலாம், ஆனால் எண்ணைக் கண்ணால் படித்த பிறகுதான்.

பழைய இரும்பு ரிம்மை வைத்துக்கொள்வதென்றால் அதைச் சோதிக்கும் வேலை இருக்கிறது, அதில் சோம்பல் கூடாது. நம் கடற்கரைக் காற்று உப்புக் காற்று. வெளியே பெயின்ட் பளபளக்கும். டயரைக் கழற்றினால் டயரின் விளிம்பு உட்காரும் பட்டையில் துரு செதில் செதிலாக நிற்கும். இரவில் காற்று மெல்ல இறங்குவதற்குப் பாதி நேரம் காரணம் அந்தச் செதில்தான், டயர் அல்ல. டயரைக் கழற்றி, கம்பித் தூரிகையால் அந்தப் பட்டையைத் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். துரு போனபின் குழி விழுந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம். பிறகு நட் உட்காரும் துளைகளைச் சுற்றியும் காற்றோட்டத் துளைகளின் ஓரத்திலும் மயிரிழை வெடிப்பு உண்டா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரிம்மைச் சுழற்றி டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை முன்னால் போடாதீர்கள்.

ரிம்மில் அடித்திருக்கும் எழுத்தையும் படியுங்கள். "எச்2" என்று இருந்தால் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் மேடு இருபக்கமும் உண்டு, ட்யூப்லெஸ் டயருக்கு ஏற்றது. எங்கிருந்தோ வந்த மிகப் பழைய ரிம்மில் அந்த மேடு இருக்காது.

பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்தால், நட் உட்காரும் குழிவையும் ஹப்பில் படியும் முகத்தையும் மூடி மறைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தடித்த பூச்சு இருந்தால் இறுக்கும்போது இறுகியதுபோல் தோன்றும். ஓடி ஓடிப் பூச்சு நசுங்கியதும் நட் தளர்ந்துவிடும். புதிதாக மெருகேற்றிய சக்கரம் கழன்று ஓடுவதற்கு இது பழகிய காரணம்.

15 அங்குலம்: ஆசையும் அளவுகோலும்

15க்குப் போக நல்ல காரணம் ஒன்று உண்டு. பிற்கால ஐந்து சிலிண்டர் கோம்பிகளின் பெரிய முன் டிஸ்க் பிரேக்கை மாற்றிப் போட்டிருந்தால் 14 அங்குல ரிம் அதன்மேல் நுழையாது. அங்கே 15 கட்டாயம். அப்படி இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் என்றால், கீழே உள்ளதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டி3யின் ஹப்பில் 5 ஸ்டட், 112 மில்லிமீட்டர் வட்டம். மெர்சிடிஸ் கார்களும் இதே 5 × 112தான், நடுத்துளையும் ஒத்துப்போகும். அதனால் பழைய பென்ஸ் அலாய் ரிம்கள் சந்தையில் கோம்பிக்காரர்கள் கைக்குத்தான் போகின்றன. டபிள்யூ124 பென்ஸின் 6½ஜே × 15, ஈடி 49 ரிம்மை எடுத்துக்கொள்வோம். துளை ஒத்துப்போனால் போதுமா? கணக்குப் போடுங்கள். நம் ரிம்மின் அகலம் 5½ அங்குலம், பாதி 70 மில்லிமீட்டர். அதோடு ஈடி 39 சேர்த்தால் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 109 போகிறது. பென்ஸ் ரிம்மின் பாதி அகலம் 82.5, ஈடி 49 சேர்த்தால் 131.5. ஆக, உள்பக்கம் 22 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக நுழைகிறது. வெளியே மூன்று மில்லிமீட்டர்கூட வரவில்லை. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, சுமை ஏற்றி, குழியில் இறக்கினால்தான் உள்ளே டயர் எதில் உரசுகிறது என்று தெரியும். சோதனை செய்யும்போது வண்டி ஜாக்கில் தொங்கக்கூடாது, சக்கரத்தில் நிற்கவேண்டும்.

இதைவிடக் கனமான கேள்வி, அந்த ரிம் எத்தனை கிலோவுக்குச் செய்தது என்பது. சலூன் காருக்கு வார்த்த அலாய், ஒரு சக்கரத்துக்கு 740 கிலோ என்ற கணக்கில் செய்யப்பட்டதல்ல. சில ரிம்களின் பின்புறம் உச்ச சுமை அடித்திருக்கும். அடித்திருந்தால் படியுங்கள், அடிக்காத கார் ரிம்மை நிரம்பிய ஆட்டோவில்லாவின் பின்னால் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். குழியில் விழுந்து நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்த அலாயும் சந்தையில் வருகிறது. உள்பக்க வட்டத்தில் பெயின்ட் தடிப்பு மாறும் இடத்தைத் தேடுங்கள்.

நாலாம் தலைமுறை வோக்ஸ்வாகன், அதாவது டி4 வேனின் 15 அங்குல ரிம்மும் 5 × 112தான். "அதே கம்பெனி, அப்படியே ஏறும்" என்று சொல்லி விற்பார்கள். ஏறாது. அதன் நடுத்துளை 57.1 மில்லிமீட்டர், நம் ஹப்புக்கு 66க்கு மேல் வேண்டும். கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதாக்கலாம் என்பார்கள். நடு மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அந்தச் செலவில் சரியான ரிம் வாங்கிவிடலாம்.

15 வேண்டும் என்பவர்களுக்குச் சரியான வழி, சுமை வேனுக்கென்று செய்த ரிம்மும் 'சி' டயரும். 205/65 ஆர் 15 சி விட்டம் 647, ஏறக்குறைய நம் 185ஐப் போலவே. சுமை எண் 102. 195/70 ஆர் 15 சி விட்டம் 654, சுமை எண் 104. இரண்டிலும் வேகமானி மாறாது, கியர் கணக்கு மாறாது, முன்மூக்குக்கு அடியில் உள்ள ஸ்டெப்னி தட்டிலும் இடம் இருக்கும்.

டாக்சி வேன்களின் 195 ஆர் 15 சி பற்றியும் ஒரு வார்த்தை. டொயோட்டா குவான்டம் டாக்சிகள் ஓடுவது அதில்தான், எந்த ஊரிலும் கிடைக்கும், சுமை எண் 106. கேட்கவே இனிக்கிறது. ஆனால் விட்டம் 693. நம் வண்டிக்கு ஆறரை சதவீதம் அதிகம். வேகமானி 100 காட்டும்போது சக்கரம் 106க்கு மேல் ஓடும். வான் ரீனன் கணவாயில் ஏறும்போது ஏற்கெனவே மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் ஆறரை சதவீதம் நீளமாகிவிடும். அதே பெடல் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இறக்கத்தில் அதுதான் முக்கியம்.

16 அங்குலம்: யாருக்கு?

எஞ்சினும் பிரேக்கும் மாற்றிய வண்டிக்கு மட்டும். மெர்சிடிஸ் வீட்டோ டபிள்யூ639 வேனின் 6½ஜே × 16 இரும்பு ரிம் வலுவானது, துளை பொருந்தும், சுமைக்குச் செய்தது. அதன் ஈடி 60. முன்போல் கணக்குப் போட்டால் உள்ளே 33 மில்லிமீட்டருக்கு மேல் போகும். ஸ்பேசர் இல்லாமல் ஆகாது. 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் உள்ளே 9 கூடும், வெளியே 17 வரும். அந்த 17 சக்கரக் கூண்டின் உதட்டைத் தொடுமா என்று பின்னால் பார்க்கவேண்டும்.

ஸ்பேசர் என்றால் ஹப்பின் நடுவில் அச்சாக உட்கார்ந்து, தனக்கென்று ஸ்டட் வைத்த, தனியாக இறுக்கும் வகை. ஐந்து மில்லிமீட்டர் வெறும் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஆபத்து; ஸ்டட்டில் மரை குறைந்துகொண்டே போகும். 14 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட் குறைந்தது ஒன்பது சுற்றாவது கையால் திரும்பிய பிறகுதான் இறுக வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள்.

டயரில் 205/65 ஆர் 16 சி விட்டம் 673, சுமை எண் 107. 215/65 ஆர் 16 சி விட்டம் 686, சுமை எண் 109. முதலாவது மூன்றரை சதவீதம்தான் கூடுதல் என்பதால் அதையே நாங்கள் சொல்வோம். 686 விட்டம் டி3யின் ஸ்டெப்னி தட்டில் போகாது. ஸ்டெப்னியைப் பின்சுவரில் மாட்டினால், ஏற்கெனவே பின்னால் நீண்டு கிடக்கும் வீட்டின் கடைக்கோடியில் இன்னும் 25 கிலோ போலத் தொங்கும். அந்த எடை முன் ஆக்சிலை மேலே தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் சரளைச் சாலையில் உயரமான டயர் உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டோவில்லாவைச் சரளையில் தடுப்பது பெரும்பாலும் டயர் உயரமல்ல, பின்பக்க நீளம். ஓடையில் இறங்கி ஏறும்போது தரையில் தட்டுவது பின் பம்பர்தான்.

நட், வால்வு, காற்று

எந்த அளவைத் தேர்ந்தாலும் நட்டின் அடி வடிவத்தைப் பாருங்கள். வோக்ஸ்வாகன் இரும்பு ரிம்மில் இருக்கை உருண்டையாகக் குழிந்திருக்கும். வெளிச்சந்தை அலாய்கள் பல கூம்பு இருக்கை. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் கிளிக் என்னும், இரண்டு நாளில் தளர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் நட்டின் அடியில் நீல மார்க்கர் தடவி, கையால் இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை அகலப் பட்டையாக ஒட்டியிருந்தால் சரி, கோடாக ஒட்டியிருந்தால் தவறான நட். டி3க்கு இறுக்கம் 180 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் வேண்டாம். கிரீஸ் இருந்தால் அதே 180இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். அலாய் போட்டால் ஹப்பின் நடு உதட்டில் மட்டும் மெல்லிய பூச்சாகச் செராமிக் கிரீஸ் தடவுங்கள். உப்புக் காற்றில் அலாய் ரிம்மும் இரும்பு ஹப்பும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் சாலையோரத்தில் கழற்ற முடியாது.

வால்வை மறந்துவிடுகிறார்கள். கார்களுக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வின் உச்ச அழுத்தம் 450 கிலோபாஸ்கல், அதாவது 65 பிஎஸ்ஐ. 185 ஆர் 14 சி தன் முழு 850 கிலோவைச் சுமக்க வேண்டிய அழுத்தமும் அதேதான். வெயிலில் சூடாகி ஏறும்போது வால்வு வரம்பைத் தாண்டிவிடும். உயர் அழுத்த ரப்பர் வால்வோ நட் போட்டு இறுக்கும் உலோக வால்வோ கேட்டு வாங்குங்கள். டயர் கடைக்காரர் தானாகப் போடமாட்டார்.

எவ்வளவு காற்று என்பதற்கு, நீங்கள் அளந்த எடையை டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் பாருங்கள். கார் பழக்கத்தில் 220 கிலோபாஸ்கல் வைக்காதீர்கள். இன்னொன்று: டர்பனில் 28 டிகிரியில் 400 வைத்துவிட்டுக் குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டுக்கு ஏறினால், விடிகாலை உறைபனியில் மீட்டர் சுமார் 370 காட்டும். குளிர் மட்டும் என்றால் இன்னும் இறங்கியிருக்கும். மேட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் கொஞ்சம் ஏறிக் காட்டுகிறது. டயரில் ஓட்டை என்று பயப்பட வேண்டாம், ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த நிலையில் சரிசெய்துகொள்ளுங்கள்.

வயது

மோட்டார் வீட்டின் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. சட்டப்படி 1 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், தேய்மானக் குறியைத் தொடக்கூடாது. பல ஆட்டோவில்லாக்களில் 6 மில்லிமீட்டர் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டையாகியிருக்கும். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் உள்ள கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஏழு வருடம் தாண்டினால் மாற்றுங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. புதிது என்று விற்பதிலும் தேதியைப் படியுங்கள். 14 அங்குலச் சரக்கு டயர் சில கடைகளில் இரண்டு மூன்று வருடம் அலமாரியிலேயே இருந்திருக்கும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பலகை மேல் நிறுத்தி, வெயில் படாமல் சக்கரத்துக்கு உறை போடுங்கள்.

எங்கள் தேர்வு: பிரேக் பழையதே என்றால், நல்ல இரும்பு ரிம்மில் 195 ஆர் 14 சி, 8 பிளை, உலோக வால்வு. ரிம் துருவில் போயிருந்தால் அதே அளவில் இன்னொரு இரும்பு ரிம். பெரிய பிரேக் போட்டிருந்தால் வேனுக்கான 15 ரிம்மில் 195/70 ஆர் 15 சி. எஞ்சினும் மாற்றி, ஸ்பேசர் வேலையைச் சரியாகச் செய்யும் ஆள் கிடைத்தால் மட்டும் 16. அளவு மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டியபின் அலைன்மென்ட் பாருங்கள். முதல் ஓட்டத்தில் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் சுமார் 80 கிலோமீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். டவுன் ஹில் ஏற்றம் தொடங்கும் முன் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை தேநீர் குடித்துவிட்டு, இருபது நட்டையும் மறுபடி 180இல் சோதியுங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, இருக்கையைப் பார்த்த பிறகே மலை ஏறுங்கள்.